அப்பா போகாத ஆஸ்பத்திரியில் அவர் பெயரில் ஸ்டென்ட் கிளெய்ம்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

திருநகர்:

வணக்கம். என் கம்பெனி குரூப் பாலிசியில் அப்பா அம்மாவையும் சேர்த்திருக்கிறேன். டிபிஏ (இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் கிளெய்ம்களைக் கவனிக்கும் நிறுவனம்) ஆப்பில் அப்பா பெயரில் ஒரு கேஷ்லெஸ் கிளெய்ம் தெரிகிறது. கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, நான்கு நாள் அட்மிஷன், மாரடைப்பு, ஒரு ஸ்டென்ட், ரூ.1,86,000. ஸ்டேட்டஸ் ‘ஃபைனல் அப்ரூவல்’. அப்பா இருப்பது மதுரை. அந்த நான்கு நாளும் வீட்டில்தான் இருந்தார். இதயக் கோளாறு எதுவும் கிடையாது, சர்க்கரைக்கு மட்டும் மாத்திரை.

கஸ்டமர் கேரில் கேட்டால் ஆஸ்பத்திரியைக் கேளுங்கள் என்கிறார்கள், ஆஸ்பத்திரியில் கேட்டால் இன்சூரன்ஸைக் கேளுங்கள் என்கிறார்கள். முதலில் யாருக்கு என்ன எழுத வேண்டும்? பணத்தை நிறுத்தினால் போதுமா, வேறு எதையாவது சரி செய்ய வேண்டுமா? ஊரில் சித்தி வீட்டில் முதல்வர் காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறார்கள். அதிலும் இப்படி நடக்குமா?

கிளெய்ம்_மேஜை:

போன் பேசுறதை விட்டுட்டு இன்னைக்கே மெயில் போடுங்க சார். ‘ஃபைனல் அப்ரூவல்’னா டிஸ்சார்ஜுக்கு ஒப்புதல் கொடுத்தாச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். பில், ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் டிபிஏ-க்கு வந்து சரிபார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் பணம் போகும். அந்த இடைவெளியில் தகராறு பதிவானா பேமென்ட்டை நிறுத்தி வைக்க முடியும். ‘செட்டில்டு’ன்னு மாறி யுடிஆர் நம்பரும் (வங்கிப் பரிமாற்ற எண்) வந்துட்டா பணம் போயாச்சு. அதுக்கப்புறம் அது இன்சூரன்ஸ் கம்பெனி ஆஸ்பத்திரிகிட்ட வசூலிக்க வேண்டிய விவகாரம், இழுக்கும்.

மெயில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் டிபிஏ-க்கும் சேர்த்து ஒரே மெயிலா போகணும், சிசி-யில் உங்க ஹெச்ஆர். குரூப் பாலிசியில் பாலிசிதாரர் உங்க கம்பெனிதான், நீங்க உறுப்பினர். ஹெச்ஆர் ஒரு வரி எழுதினா நகர்ற வேகமே வேற. எழுத வேண்டியது இவ்வளவுதான்: “கிளெய்ம் எண் இன்னது. இதில் உள்ள நோயாளி என் தந்தை அல்ல. குறிப்பிட்ட தேதிகளில் அவர் எந்த மருத்துவமனையிலும் அனுமதிக்கப்படவில்லை. பணப் பட்டுவாடாவை நிறுத்தி விசாரணைக்கு எடுக்கவும். ப்ரீ-ஆத் (முன் ஒப்புதல்) படிவம், அதனுடன் வந்த அடையாளச் சான்று, கையெழுத்திட்ட உறுதிமொழி, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்டென்ட் ஸ்டிக்கர் ஆகியவற்றைப் பாதுகாத்து வைத்து நகல் தரவும்.” முதல் மெயிலில் ‘மோசடி’ங்கிற வார்த்தை வேண்டாம். ஒரே பெயர்ல இன்னொருத்தர், உறுப்பினர் எண்ணில் ஒரு இலக்கம் மாறின டைப்பிங் தப்புன்னு கூட இருக்கலாம். மோசடின்னு ஆரம்பிச்சா ஃபைல் நேரா லீகலுக்குப் போய் உட்கார்ந்துக்கும்.

அந்த நகல்ல முதல்ல பார்க்க வேண்டியது அடையாளச் சான்று. உங்க அப்பாவோட உண்மையான ஆதார் ஜெராக்ஸா, இல்ல அவர் நம்பர்ல வேற முகம் ஒட்டினதா? அடுத்தது ஸ்டென்ட் ஸ்டிக்கர். 2017 பிப்ரவரியில் மத்திய மருந்து விலை ஆணையம் ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு விலை வெச்சப்பவே, பில்லில் ஸ்டென்ட்டைத் தனியா காட்டி பிராண்ட், தயாரிப்பாளர், பேட்ச் நம்பர் போடணும்னு சொல்லிட்டாங்க. பேட்ச் நம்பர் சரியா இருந்தா யாரோ ஒரு மனுஷனுக்கு உங்க அப்பா பெயர்ல நிஜமாவே ஸ்டென்ட் வெச்சிருக்காங்க. ஸ்டிக்கரே இல்லைன்னா, இல்ல அதே பேட்ச் விவரம் இன்னொரு ஃபைல்லயும் ஒட்டியிருந்தா, ஆளே இல்லாம காகிதத்துல மட்டும் நடந்த ஆபரேஷன். இந்த ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற, கீழே பதிவறைக்காரர் யாராவது வந்து சொல்வாங்க.

இது எப்படி நடக்குதுன்னு கேட்டா, இ-கார்டில் பெரும்பாலும் போட்டோ கிடையாது. பெயர், வயசு, உறுப்பினர் எண், பாலிசி எண், அவ்வளவுதான். அந்த பிடிஎஃப் வாட்ஸ்அப் குரூப்ல சுத்தும். 2024 மே மாதம் வந்த ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்துல முடிவு சொல்லணும், டிஸ்சார்ஜ் ஒப்புதல் 3 மணி நேரத்துல. நோயாளிக்கு நல்ல விஷயம்தான். ஆனா டிபிஏ-ல உட்கார்ந்திருக்கிறவர் ஆளைப் பார்க்கிறதில்ல, காகிதத்தைத்தான் பார்க்கிறார். ஆளைப் பார்க்க வேண்டியது ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க். அங்க இருக்கிறவரே உடந்தைன்னா கதை முடிஞ்சது.

பதிவறை:

மேலே சொன்னதைத் தொடர்கிறேன். பணம் நின்றால் பாதி வேலைதான் முடிந்தது. உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது.

அப்பாவின் பெயரில் இப்போது ‘இதய ரத்தக்குழாய் நோய், ஸ்டென்ட்’ என்ற வரலாறு மூன்று இடங்களில் உட்கார்ந்திருக்கிறது: ஆஸ்பத்திரியின் யுஹெச்ஐடி (ஆஸ்பத்திரி தரும் நோயாளி எண்) கோப்பில், டிபிஏ-யின் உறுப்பினர் பதிவில், இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளெய்ம் வரலாற்றில். கம்பெனிகள் தங்கள் கிளெய்ம் தரவை ஹைதராபாத்தில் உள்ள இன்சூரன்ஸ் தகவல் மையத்துக்கும் அனுப்புகின்றன. நாளைக்கு நீங்கள் வேலை மாறி, அப்பாவுக்குத் தனி பாலிசி எடுக்கும்போது ‘இதய நோய் உண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று உண்மையைத்தான் எழுதுவீர்கள். இரண்டு வருடம் கழித்து வரும் கிளெய்மில், பழைய பதிவைக் காட்டி ‘நோயை மறைத்தீர்கள்’ என்று நிராகரிப்பார்கள். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால் மறைத்ததாகக் காரணம் காட்டி மறுக்க முடியாது, மோசடி நிரூபணமானால் தவிர. அதற்கு முன்னால் நீங்கள்தான் காகிதம் காட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரியின் மருத்துவப் பதிவுத் துறைக்கு, அதாவது எம்ஆர்டி-க்கு, மெடிக்கல் சூப்பரிண்டென்டன்ட் வழியாக அப்பாவே கையெழுத்திட்டு எழுத வேண்டும். நீங்கள் எழுதினால் அவருடைய அதிகாரக் கடிதம் கேட்பார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. ஆனால் இங்கே ஒரு முடிச்சு விழும். ‘இது என் பதிவு இல்லை’ என்று சொன்னதுமே, ‘அப்படியானால் வேறொருவருடைய ரகசியப் பதிவு, உங்களுக்குத் தர முடியாது’ என்பார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். முழு கேஸ் ஷீட் உங்களுக்குத் தேவையில்லை. ‘என் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், மொபைல் எண் எந்த யுஹெச்ஐடி-யில் ஏறியிருக்கிறது, அட்மிஷன் படிவத்தில் கையெழுத்திட்டது யார், உடனிருந்தவர் பெயர் என்ன’ என்று கேளுங்கள். அது உங்களைப் பற்றிய தகவல்தான்.

நீக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். பெரும்பாலானவர்கள் கோபத்தில் ‘அழித்துவிடுங்கள்’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அழித்தால் உங்கள் சாட்சியும் சேர்ந்து போகும். உள்நோயாளிப் பதிவை 3 வருடம் வைத்திருக்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு உண்டு. கேட்க வேண்டியது இதுதான்: அந்த அட்மிஷனை அப்பாவின் அடையாளத்திலிருந்து பிரித்து ‘அடையாளம் உறுதியாகாத நோயாளி’ என்று வேறு யுஹெச்ஐடி-க்கு மாற்ற வேண்டும், அப்பாவின் எண்ணில் ‘இந்தத் தேதி அட்மிஷன் இவருடையதல்ல’ என்று தேதியுடன் குறிப்பு ஏற வேண்டும், அதை ஆஸ்பத்திரியின் லெட்டர்ஹெட்டில் எழுதித் தர வேண்டும். அந்த ஒரு தாள் கையில் இருந்தால் டிபிஏ, கம்பெனி, தகவல் மையம் மூன்றிலும் திருத்தம் கேட்கலாம்.

காகிதத்தில் மட்டும் நடந்த ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரி இதை எழுதித் தராது. அப்போது இன்சூரன்ஸ் கம்பெனியின் விசாரணை அறிக்கையும் போலீஸ் காகிதமும்தான் ஆதாரம்.

டூட்டி_டாக்டர்:

அப்பாவுக்கு ஸ்டென்ட் இல்லை என்று நிரூபிக்க ஈசிஜி, எக்கோ எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள். அது போதாது. ஸ்டென்ட் வைத்தவருக்கும் இரண்டும் நார்மலாக வரலாம். சாதாரண மார்பு எக்ஸ்ரேயில் ஸ்டென்ட் கண்ணுக்குத் தப்பிவிடும். கேத் லேபில் (ஸ்டென்ட் வைக்கும் அறை) ஃப்ளூரோஸ்கோபியில், அதாவது நேரடி எக்ஸ்ரே படத்தில், ஒரு நிமிடம் பார்த்தாலே உலோக வலை தெரியும், டையோ ஊசியோ தேவையில்லை. ஒரு கார்டியாலஜிஸ்ட்டிடம் பார்த்து, ‘இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் இல்லை’ என்று சீல் வைத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரி பதிவுக் கலப்பில் ‘ரத்த குரூப் மாறி உயிர் போய்விடும்’ என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். ரத்தம் ஏற்றுவதற்கு முன் புதிதாக சாம்பிள் எடுத்து குரூப்பும் கிராஸ் மேட்ச்சும் பார்க்காமல் ரத்தப் பை வெளியே வராது. பழைய பதிவில் வேறு குரூப் இருந்தால் பிளட் பேங்க் இரண்டாவது சாம்பிள் கேட்கும், நேரம்தான் போகும். எனக்கு அதைவிடப் பயம் மருந்துப் பட்டியலில். ஸ்டென்ட் வைத்தவர் என்று பதிவு சொன்னால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார் என்று எடுத்துக்கொண்டு அவசர ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள், அல்லது மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள். வயிற்றில் புண் உள்ளவர் என்றால் ரத்தக் கசிவு. இன்னொன்று ஒவ்வாமை. உண்மையில் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவரின் கோப்பில், வேறொருவர் அதே மருந்தை ஐந்து நாள் போட்டுக்கொண்டு சுகமாகப் போனதாக இருந்தால் அது நிஜமான ஆபத்து.

ஒரு கையடக்கத் தாளில் அப்பாவின் உண்மையான நோய், மாத்திரை, ஒவ்வாமை, கடைசி கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) அளவு எழுதி பர்ஸில் வைத்திருங்கள். கம்ப்யூட்டரும் தாளும் முரண்பட்டால் எங்கள் ஆட்கள் நிறுத்திக் கேட்பார்கள்.

கருங்கல்பாளையம்:

குறுக்கே ஒரு சந்தேகம் அண்ணே. மச்சானுக்கு இன்சூரன்ஸ் இல்ல, ஏறக்குறைய என் வயசுதான். என் கார்டுல அட்மிட் பண்ணிக்கலாம்னு வீட்டுல சொல்றாங்க. நானே சம்மதிச்சுக் குடுத்தா அது திருட்டு இல்லையே?

கிளெய்ம்_மேஜை:

திருட்டு இல்ல, மோசடி. அதுவும் நீங்களும் மச்சானும் கூட்டா பண்ணினது. வெளியாள் எடுத்தா நீங்க புகார்தாரர், நீங்க குடுத்தா நீங்களும் குற்றவாளி. கம்பெனி கிளெய்மை மறுக்கலாம், பாலிசியையே ரத்து பண்ணலாம், குரூப் பாலிசின்னா வேலைக்கும் சிக்கல் வரும். நம்ம ஊர்ல கார்டு திருட்டைவிட இந்தக் கார்டு இரவல்தான் அதிகம், பாசத்துல பண்றதால யாரும் புகார் குடுக்கிறதில்ல.

இன்னொன்னு யோசிங்க. மச்சான் உங்க பெயர்ல அட்மிட் ஆகி, ஆகக் கூடாதது ஆயிட்டா? ஆஸ்பத்திரி குடுக்கிற இறப்புக் காரணச் சான்று, படிவம் 4, உங்க பெயர்ல போகும். பிறப்பு இறப்புப் பதிவாளர்கிட்ட நீங்க செத்தவர். இப்போ இறப்புப் பதிவு விவரம் ஆதார் ஆணையத்துக்கும் போகுது. திருத்தணும்னா 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுல விண்ணப்பிக்கணும், அதுக்கு உண்மையில இறந்தது யாருன்னு நீங்களே எழுதிக் குடுக்கணும். மச்சான் குடும்பத்துக்கோ அவர் பெயர்ல இறப்புச் சான்றே கிடைக்காது. வருமான வரம்புக்குள்ள வந்தா மச்சானுக்கு முதல்வர் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பிங்க, அதான் வழி.

கலெக்டர்_ஆபீஸ்_கியாஸ்க்:

சித்தி வீட்டு அட்டை பற்றிய கேள்விக்கு வருகிறேன். நடக்கும், ஆனால் வேறு மாதிரி.

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு இணைந்து ஓடுகிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். தலைக்கு 5 லட்சம் இல்லை, மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து. ஒருவர் பெயரில் பொய்யாக ஒரு பெரிய பேக்கேஜ் போட்டால் மற்ற எல்லோருக்கும் அந்த வருடம் குறைந்துவிடும். சிகிச்சைக்குப் போய் நிற்கும்போதுதான் பாலன்ஸ் இல்லை என்று தெரியும்.

இங்கே வாசல் பெரும்பாலும் ‘இலவச மருத்துவ முகாம்’. கிராமத்துக்கு வேன் வரும், பிபி பார்ப்பார்கள், அட்டையை ஸ்கேன் பண்ணுவார்கள், கைரேகை வாங்குவார்கள், ‘மேல் பரிசோதனைக்கு’ என்று ஏற்றிப் போவார்கள். 2024 நவம்பரில் குஜராத்தில் இப்படி ஒரு முகாமிலிருந்து அகமதாபாத் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன 19 பேரில் 7 பேருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்து 2 பேர் இறந்தார்கள். அந்த விசாரணையில்தான் தகுதி இல்லாதவர்களுக்கு ஆயுஷ்மான் அட்டை போட்டுக்கொடுத்த கும்பலும் சிக்கியது. சித்தியிடம் சொல்ல வேண்டியது: முகாமில் பிபி பார்க்க அட்டையும் தேவையில்லை, ரேகையும் தேவையில்லை. அட்மிஷன் ஆகும்போது மட்டும்தான் இரண்டும். படுக்கையில் வைத்து நோயாளியை போட்டோ எடுத்து ஏற்றுவது நடைமுறை. அட்மிட் ஆகாத ஆளைக் கட்டிலில் படுக்கச் சொல்லி போட்டோ எடுத்தால் உடனே எழுந்து வந்துவிட வேண்டும்.

அடுத்தது மொபைல் நம்பர். 2023-இல் வந்த சிஏஜி (மத்திய தணிக்கைத் துறை) அறிக்கையில், ஆயுஷ்மான் தரவுத்தளத்தில் 7,49,820 பயனாளிகள் 9999999999 என்ற ஒரே நம்பரில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 7 ஆதார் எண்களில் 4,761 பதிவுகள். இதெல்லாம் அப்படியே மோசடி என்று அர்த்தமில்லை, கட்டத்தைக் காலியாக விட முடியாமல் எதையோ தட்டியதும் உண்டு. விளைவு என்னவோ ஒன்றுதான்: உங்கள் பெயரில் கிளெய்ம் போனால் எஸ்எம்எஸ் உங்களுக்கு வராது. சித்தி வீட்டு அட்டையில் எந்த நம்பர் இருக்கிறது என்று 1800 425 3993-இல் கேளுங்கள், மாற்ற வேண்டுமானால் கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்கு ரேஷன் கார்டு, ஆதாரோடு போகச் சொல்லுங்கள். இந்த வருடம் அட்டையில் எவ்வளவு போயிருக்கிறது என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடலாம். ஆயுஷ்மான் புகாருக்கு 14555.

ஓடிபி_காவலன்:

ஆதார் பக்கம் மூணு விஷயம். மைஆதார் தளத்துல ‘அத்தென்டிகேஷன் ஹிஸ்டரி’ன்னு இருக்கும், கடைசி 6 மாசம், அதிகபட்சம் 50 பதிவு. எந்த நிறுவனம், ரேகையா ஓடிபியா, ஜெயிச்சதா தோத்ததான்னு வரும். ஆனா இதுல ஒண்ணுமே இல்லைன்னு நிம்மதி அடைஞ்சுடாதீங்க. ஜெராக்ஸை வெச்சு அட்மிஷன் போட்டா இங்க ஒரு தடயமும் விழாது. உங்க அப்பா கேஸ் பெரும்பாலும் ஜெராக்ஸ் கேஸ்தான்.

ரேகையை லாக் பண்ணலாம், எம்ஆதார் ஆப்லயே. தேவைப்படும்போது 10 நிமிஷத்துக்குத் திறந்துக்கலாம். பண்ணிட்டு வீட்டுல சொல்லி வைங்க. லாக் பண்ணினது மறந்து போய் ரேஷன் கடையில ரேகை விழலைன்னு சண்டை போடுவாங்க, பென்ஷன் வாழ்வுச் சான்றும் நின்னுடும். மெஷின்ல 330-ன்னு பிழை எண் வந்தா அது லாக்தான், விரல் தேய்ஞ்சதால இல்ல.

ஜெராக்ஸ் குடுக்கிற இடத்துல கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதார் குடுங்க. முழுசா கேட்டா, நகல் மேல குறுக்கே ஆஸ்பத்திரி பெயர், தேதி, ‘இந்த அட்மிஷனுக்கு மட்டும்’னு எழுதிக் கையெழுத்து. எழுத்து முகத்து மேலயும் நம்பர் மேலயும் ஓடணும். ஓரத்துல எழுதினா வெட்டிட்டு மறுபடி ஜெராக்ஸ் எடுத்துடுவாங்க.

ஆபா நம்பரையும் ஆயுஷ்மான் அட்டையையும் குழப்பிக்காதீங்க. 14 இலக்க ஆபா எண் மருத்துவப் பதிவுகளைக் கோக்கிற நூல் மட்டும்தான், அதை வெச்சு கிளெய்ம் போட முடியாது. ஆனா ஆபா ஆப்ல அந்தக் கோவை ஆஸ்பத்திரி ‘லிங்க்டு’ன்னு இருக்கான்னு பாருங்க. இருந்தா இணைப்பை எடுத்துடுங்க, அதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட். பதிவைப் பார்க்க அனுமதி கேட்டு வர்ற கோரிக்கையில எந்த வருஷத்துலேர்ந்து, எத்தனை நாளைக்குன்னு கட்டம் இருக்கும். அப்படியே ‘சரி’ குடுக்காம அன்னைக்குத் தேவையானதுக்கு மட்டும் சுருக்குங்க. ‘காப்பீட்டு அட்டை கேஒய்சி’ன்னு வாட்ஸ்அப்ல ஏபிகே ஃபைல் (ஆப் இன்ஸ்டால் பண்ற ஃபைல்) வந்தா திறக்கவே கூடாது.

சென்னையிலிருந்து இயங்கும் ஸ்டார் ஹெல்த்தின் வாடிக்கையாளர் தரவு 2024-ல டெலிகிராம் ‘பாட்’ (தானா பதில் தர்ற கணக்கு) வழியா கிடைச்சது பத்திரிகையிலேயே வந்தது, பாலிசி விவரம், மருத்துவ ரிப்போர்ட் உட்பட. அதனால ‘நான் யார்கிட்டயும் குடுக்கலையே’ங்கிறது பாதுகாப்பு ஆகாது. மாசம் ஒரு தடவை டிபிஏ ஆப்ல கிளெய்ம் பக்கத்தையும், பதிவான மொபைல், மெயிலையும் பாருங்க. தெரியாம மொபைல் நம்பர் மாறியிருந்தா கிளெய்முக்குக் காத்திருக்காதீங்க, அதுதான் முதல் எச்சரிக்கை மணி.

திருநகர்:

எல்லோருக்கும் நன்றி. மெயில் போட்டாச்சு, ஹெச்ஆரும் பதில் போட்டிருக்கிறார். போலீஸ் புகார் மதுரையிலா, கோவையிலா? சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டுமா?

கோர்ட்_வாசல்:

1930 என்பது உங்கள் வங்கியிலிருந்து பணம் போனால் வேகமாக முடக்குவதற்கு. இங்கே உங்கள் கணக்கிலிருந்து எதுவும் போகவில்லை. நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள், மதுரையிலேயே. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் பதிவு செய்து மாற்றி அனுப்ப வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173 சொல்கிறது. ஆள்மாறாட்ட மோசடிக்கு பிஎன்எஸ் (புதிய தண்டனைச் சட்டம்) 319, 5 வருடம் வரை. உறுப்பினர் எண், ஆதார் எண்ணைக் கம்ப்யூட்டர் வழியாகப் பயன்படுத்தியதால் ஐடி (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 66சி-யும் சேரும், 3 வருடம், ரூ.1 லட்சம் வரை அபராதம். தண்டனை 3 முதல் 7 வருடத்துக்குள் உள்ள குற்றம் என்பதால் 14 நாள் முதற்கட்ட விசாரணை என்று சொல்லலாம். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு, சண்டை போட வேண்டாம். அன்றைக்கே சிஎஸ்ஆர் (புகார் பெற்றதற்கான) ரசீது மட்டும் வாங்காமல் வராதீர்கள். முதல் கட்டத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அந்த எண்ணைக் கொடுத்தால் போதும். வாங்கவே மறுத்தால் எஸ்பி அல்லது கமிஷனருக்குப் பதிவுத் தபால், அதிலும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்.

இன்சூரன்ஸ் பக்கம் குறைதீர்ப்பு அதிகாரிக்கு 2 வாரம் கெடு. தாண்டினால் ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா தளம் அல்லது 155255. ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் சென்னை அண்ணா சாலையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

கடைசியாக வரும் கடிதத்தை வரி விடாமல் படியுங்கள். ‘கிளெய்ம் ரத்து செய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதி முடித்துவிடுவார்கள். காப்பீட்டுத் தொகை முழுவதும் திரும்ப ஏற்றப்பட்டது, அந்த நோய்க் குறியீடு உறுப்பினர் பதிவிலிருந்து நீக்கப்பட்டது, தகவல் மையத்துக்குத் திருத்தம் அனுப்பப்பட்டது. இந்த மூன்று வரியும் அதில் இல்லையென்றால் ‘ஏற்கவில்லை’ என்று பதில் போட்டு, குறை எண்ணைத் திறந்தே வைத்திருங்கள்.